இறக்கை ஒன்றுபோல, வயிற்றுக்குள் வேறுமாதிரி: புதிய அந்துப்பூச்சி இனத்தை விவரிப்பது எப்படி?

திரைவெளிச்சம்

வணக்கம். வெள்ளைத் துணியும் புற ஊதா விளக்கும் வைத்து அந்துப்பூச்சி பார்ப்பவன் நான். யூபிதீசியா பேரினத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு சாம்பல் நிறப் பூச்சிகள் சில என்னிடம் சேர்ந்திருக்கின்றன. படத்தைப் பார்த்தால் யாரும் நன்கு தெரிந்த ஓர் இனத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் ஆண்பூச்சி ஒன்றின் வயிற்றைப் பிரித்துப் பார்த்த நண்பர், எட்டாம் கண்டத்தின் (வயிற்று வளையத்தின்) அடித்தகடு, அதாவது கீழ்ப்பக்கத் தகடு, அந்த இனத்துக்கு உரியதே இல்லை என்கிறார். அதில் தகட்டின் நுனி இரண்டாகப் பிளந்திருக்குமாம். இதில் ஒரே கூர்முனை. மற்ற ஆண்களைப் பிரித்தபோதும் அப்படியேதான். பெண் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதை இன்னும் தொடவில்லை.

இது புதிய இனமாக இருந்தால், முறையாக விவரித்து எழுத எங்கிருந்து தொடங்க வேண்டும்? எந்தெந்த உறுப்பைப் பார்க்க வேண்டும், எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும்? இதில் கை பழகியவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஊசிமுனை

உங்கள் நண்பர் சரியான இடத்தைப் பார்த்திருக்கிறார். யூபிதீசியாவில் உலகம் முழுக்க ஏறத்தாழ 1,400 இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை சாம்பலும் பழுப்புமாக, குறுகலான இறக்கையோடு ஒரே சாயலில் இருக்கும். நாலு இரவு பறந்து செதில் உதிர்ந்துவிட்டால் இறக்கையை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. ஆணின் எட்டாம் கண்டத்து அடித்தகடுதான் இந்தப் பேரினத்தில் முதலில் பார்க்கவேண்டிய பாகம்.

வேலை முறையைச் சொல்கிறேன். முழுப் பூச்சியையும் மேலிருந்தும் கீழிருந்தும் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் வயிற்றைத் தொட வேண்டும். காய்ந்த பூச்சியாக இருந்தால், இடுக்கியால் வயிற்றைக் கீழிருந்து மேலாக மெல்ல நெம்பினாலே கழன்று வரும். கழன்ற நிமிடமே பூச்சிக்கும் வயிற்றுக்கும் ஒரே எண்ணை எழுதி வையுங்கள். இந்தக் குடும்பத்தில் கேட்கும் உறுப்பு வயிற்றின் அடிப்பகுதியில் இருக்கிறது, அதனால் அடியை நசுக்காமல் எடுங்கள்.

வயிற்றை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு இரவு முழுக்க விட்டுவிடலாம். அவசரம் என்றால் வெந்நீரில் வைத்துச் சில நிமிடம் சூடாக்கலாம். தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருள் என்பதால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம். தசை, கொழுப்பு எல்லாம் கரைந்து, புறத்தோலை ஆக்கும் கைட்டின் மட்டும் நிற்கும். அதைத் தண்ணீருக்கு மாற்றி, மெல்லிய தூரிகையால் செதில்களை வருடி எடுக்க வேண்டும். அப்புறம் ஆல்கஹால், அப்புறம் சாயம். குளோரசோல் பிளாக் சாயம் போட்டால் மென்சவ்வு கருநீலமாகத் தெரியும். சாயம் ஏறாத சவ்வு கண்ணுக்குப் படவே படாது. சாயத்தைத் தவிர்க்கிறவர்கள் பாதி உறுப்பை வரையாமல் விடுகிறார்கள்.

இப்போது முக்கியமான இடம். எட்டாம் கண்டத்துக்கும் ஒன்பதாம் கண்டத்துக்கும் இடையில் உள்ள சவ்வை ஊசியால் கிழித்துப் பிறப்புறுப்பைப் பிரிப்போம். மற்ற குழுக்களில் பழகியவர்கள் வயிற்றுத்தோலை ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். யூபிதீசியாவில் அப்படிச் செய்தால் எட்டாம் தகடும் சேர்ந்து போய்விடும். தோலை நீளவாக்கில் ஒரு பக்கம் வெட்டி, விரித்து, தகட்டோடு அப்படியே ஸ்லைடில் வையுங்கள்.

ஆணில் பார்க்கவேண்டியவை: மேல்கொக்கியாக இருக்கும் அங்கஸ், பக்கத்துக்கு ஒன்றாகப் பிடிக்கும் வால்வா, கீழ்ப்பக்கம் சாக்கஸ், நடுவில் ஈடியகஸ் என்ற குழல். குழலைத் தனியாக உருவி எடுத்து, அதற்குள் மடிந்திருக்கும் வெசிக்கா பையை வெளியே தள்ளி ஊதவைக்க வேண்டும். மிக மெல்லிய சிரிஞ்சு ஊசியால் ஆல்கஹாலைச் செலுத்தினால் பை கையுறை விரல் போல வெளியே வரும். அதன் மேல் உள்ள கார்னூட்டை முட்கள் எத்தனை, எந்த வடிவம், எந்த வரிசையில் என்பது நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டும். பை உள்ளே மடிந்திருக்கும்போது முட்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கும், எண்ணவே முடியாது.

அமாவாசை

ஒரு அடிப்படைக் கேள்வி, தவறாக நினைக்காதீர்கள். இறக்கையில் இவ்வளவு அழகான கோலம் இருக்கும்போது, ஏன் எல்லாரும் பிறப்புறுப்பையே பிடித்துக்கொள்கிறீர்கள்? படம் எடுத்து விட்டுவிட்டால் பூச்சி உயிரோடு பறந்துவிடுமே. இதற்காகக் கொல்வது எனக்கு உறுத்துகிறது.

கூட்டுப்புழு

அமாவாசை, உங்கள் உறுத்தல் எனக்குப் புரிகிறது. நானும் பெரும்பாலும் புழுவிலிருந்து வளர்த்துப் பார்த்து, வெளிவந்த பூச்சியைப் பறக்கவிடுகிறவன்தான். ஆனாலும் சில இடங்களில் வேறு வழி கிடையாது.

அக்ரோநிக்டா சை, அக்ரோநிக்டா ட்ரைடென்ஸ் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதுக்கு லின்னேயஸ் 1758இல் பெயர் வைத்தார், இரண்டாவது 1775இல் வந்தது. புழுப்பருவத்தில் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வராது, ஒன்றின் முதுகில் உயரமான கூம்பு நிற்கும், மற்றதில் அது குட்டை. வளர்ந்த பூச்சியாகிவிட்டால் இறக்கையை வைத்து நிச்சயமாகப் பிரிக்க முடியாது, வயிற்றைப் பிரித்தால்தான் உண்டு. இரண்டு பூச்சிகளும் ஐரோப்பாவில் பரவலாக இருப்பவை, இருநூறு ஆண்டுக்கு மேல் பார்க்கப்பட்டு வருபவை. அவற்றுக்கே அந்த நிலைமை.

காரணம் என்ன என்பதற்கு 1844இல் லியோன் துஃபூர் ஒரு கருத்தைச் சொன்னார். பூட்டுக்குரிய சாவி போல, ஒரே இனத்து ஆணும் பெண்ணும் மட்டுமே பொருந்தும்படி உறுப்புகள் அமைந்திருக்கின்றன என்றார். இன்று பலர் அதை அப்படியே ஏற்பதில்லை. பெண்ணின் தேர்வும் ஆண்களுக்கிடையேயான போட்டியும் அந்த உறுப்புகளை வேகமாக மாற்றுகின்றன என்ற விளக்கத்துக்கு ஆதரவு அதிகம். எந்த விளக்கமாக இருந்தாலும், இறக்கைக் கோலத்தை மரப்பட்டையும் பறவையின் கண்ணும் ஒரே சாயலுக்குத் தள்ளும்போது, உள்ளுறுப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் வேறுபாடு அங்கே தெரிகிறது.

நான்கெழுத்து

டி.என்.ஏ பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. ஒரு கால் போதும். மைட்டோகாண்ட்ரியாவில் சி.ஓ.ஐ மரபணுவின் 658 எழுத்து நீளப் பகுதியைப் படித்தால், பெயர் தெரிந்த இனங்களோடு ஒப்பிட்டுவிடலாம். 2003இல் பால் ஹெபர்ட் குழு முன்வைத்த டி.என்.ஏ பார்கோடு முறை இது. வயிற்றைப் பிரிப்பதற்கு முன்னால் இதைச் செய்தால் நேரம் மிச்சம். அந்த ஒற்றைப் பெண்ணும் இந்த ஆண்களும் ஒரே இனமா என்பதற்கும் நேரடிப் பதில் கிடைக்கும். உடற்கூறை வைத்து ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்ப்பது ஊகம்தான்.

ஊசிமுனை

கடைசி வரியை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆணையும் பெண்ணையும் சேர்த்துக் காட்டுவதில் பார்கோடுக்கு நிகர் இல்லை, கட்டாயம் செய்யுங்கள்.

ஆனால் “முதலில் டி.என்.ஏ, மற்றது பிறகு” என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டும் வருவது. வோல்பாக்கியா பாக்டீரியாவும் தாய்வழியாகவே பரவுகிறது. இரண்டு இனங்கள் எப்போதோ கலந்து, அந்தத் தொற்றோடு ஒட்டிக்கொண்டு ஒன்றின் மைட்டோகாண்ட்ரியா மற்றதில் பரவிவிட்டால், இரண்டுக்கும் ஒரே பார்கோடு வரும். ஒரே இனத்துக்குள் இரண்டு பார்கோடு வருவதும் உண்டு. இரண்டு சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் தனி இனம் என்று சொல்வதெல்லாம் கைக்கணக்கு, விதி இல்லை. தனித்தனி மரபணுக்களால் உருவாகும் உறுப்பும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரே கதையைச் சொன்னால், அங்கே எனக்கு நம்பிக்கை வருகிறது.

நான்கெழுத்து

வோல்பாக்கியா விஷயம் உண்மை, மறுக்கவில்லை. அதனால்தான் இப்போது உட்கருவின் மரபணுக்களையும் சேர்த்துப் படிக்கிறோம். ஆனால் உடற்கூறும் ஏமாற்றும், அதையும் சொல்ல வேண்டும்.

கூட்டுப்புழு

ஏமாற்றும், நிச்சயமாக. க்ரியட்டோனோட்டஸ் பேரினத்தின் ஆண்களுக்கு வயிற்று நுனியிலிருந்து ஊதி வெளியே வரும் மணக்குழல்கள் உண்டு. புழுவாக இருந்தபோது பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற தாவர நச்சு உள்ள செடியைத் தின்ற ஆணுக்கு அவை உடம்பைவிட நீளமாகக்கூட வளரும். அந்தப் பொருள் கிடைக்காத ஆணுக்குக் குட்டையாக நின்றுவிடும். இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். அளவை மட்டும் பார்த்து எழுதினால் சாப்பாட்டு வித்தியாசத்துக்கு இனப்பெயர் வைத்ததாக முடியும். புழுவின் உணவுச்செடியும் வளர்ப்புக் குறிப்பும் விவரிப்பில் இருக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

யூபிதீசியா புழு என்றால் பூவையும் விதையையும் தின்னும் என்று நினைப்போம். ஹவாயில் இதே பேரினத்துப் புழுக்கள் பல, குச்சி போல அசையாமல் நின்று ஈயைப் பாய்ந்து பிடித்துத் தின்கின்றன. வளர்ந்த பூச்சியை மட்டும் பார்த்தால் அது தெரியவே வராது.

பெயர்ச்சொல்

உடற்கூறு பேசுகிறவர்கள் மறந்துவிடும் பக்கத்தைச் சொல்கிறேன். ஓர் இனம் புதியது என்று சொல்வது, ஏற்கெனவே பெயர் வைத்த எதுவும் அது இல்லை என்று காட்டுவது. இன்று செல்லும் பெயர்களோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. அதே இனத்தின் மாற்றுப்பெயர் என்று ஒதுக்கி வைத்த பழைய பெயர்கள் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். நூறு ஆண்டுக்கு முன் யாரோ இறக்கையை மட்டும் பார்த்து ஒரு பெயர் வைத்திருப்பார், அப்புறம் வேறொருவர் இறக்கையை மட்டும் பார்த்து அதைத் தள்ளியிருப்பார். உங்கள் பூச்சி அந்தத் தள்ளப்பட்ட பெயருக்குச் சொந்தமாக இருக்கலாம்.

மெசப்பமியா செகாலிஸ் கதை இதற்கு நல்ல சாட்சி. ஒரே இனம் என்று எண்ணியிருந்ததற்குள் பிறப்புறுப்பில் தெளிவாக வேறுபடும் இரண்டாவது இனம் இருப்பதைக் கண்டு, 1983இல் அதற்கு செகாலெல்லா என்று பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால், எஸ்பர் 1788இல் வைத்த டிடைமா என்ற பெயர் அதே இனத்துக்கு உரியது என்று ஆனது. முந்திய பெயருக்கே முன்னுரிமை. பிரித்துக் காட்டிய உடற்கூறு வேலை அப்படியே நிற்கிறது, பெயர் மட்டும் போய்விட்டது.

பழைய டைப் மாதிரிகளை, அதாவது ஒரு பெயருக்கு ஆதாரமாக வைத்த பூச்சிகளை, பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வயிறு உதிர்ந்துபோன பூச்சிகளுக்கு வேறு பூச்சியின் வயிற்றை ஒட்டி வைத்த வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையில் பசை தெரிந்தால், அந்த வயிற்றின் சாட்சியத்தை ஏற்காதீர்கள்.

சட்ட நிபந்தனைகளையும் சொல்லிவிடுகிறேன். விலங்குப் பெயர் விதித்தொகுப்பின்படி, 1999க்குப் பிறகு வரும் எந்தப் புதிய இனப்பெயரும் புதியது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், பெயருக்கு ஆதாரமான ஒற்றைப் பூச்சியான ஹோலோடைப் மாதிரியைக் குறிப்பிட வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது அல்லது இருக்கப்போகிறது என்று எழுத வேண்டும். வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் சொல்ல வேண்டும், படம் மட்டும் போதாது. இணையத்தில் மட்டும் வெளிவரும் கட்டுரை என்றால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் முன்கூட்டியே பதிந்து, அந்தப் பதிவின் விவரம் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். மனதில் வைத்திருக்கும் பெயரை இந்த இழையில் போட வேண்டாம். விவரிப்பு இல்லாத வெறும் பெயர் வெளியே சுற்ற ஆரம்பித்தால் பின்னால் வருபவர்களுக்குத் தலைவலி.

திரைவெளிச்சம்

எல்லாருக்கும் நன்றி. பெயர்ச்சொல் சொன்னபடி தேடினேன். தெரிந்த இனத்தின் கீழ் மாற்றுப்பெயராக ஒன்று இருக்கிறது. அதன் டைப் ஒற்றைப் பெண். அருங்காட்சியகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

இதற்கிடையில் வேறுபாட்டுப் பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“சிறிய, சாம்பல் நிற அந்துப்பூச்சி. முன்னிறக்கையில் கறுப்பு நடுப்புள்ளி தெளிவாக உள்ளது. குறுக்குக் கோடுகள் அலை வடிவில் உள்ளன. உணர்கொம்பு இழை போன்றது. வால்வா அகலமானது. எட்டாம் கண்டத்து அடித்தகடு நீண்டு கூர்மையானது. வெசிக்காவில் பெரிய முட்கள் உள்ளன.”

இது போதுமா?

ஊசிமுனை

போதாது. நல்ல தொடக்கம், ஆனால் இந்தப் பத்தியை வைத்துக்கொண்டு யூபிதீசியாவில் பல இனங்களை உள்ளே கொண்டுவந்துவிடலாம். ஒவ்வொரு வாக்கியத்திடமும் “எதைவிட?” என்று கேளுங்கள்.

“சிறிய” என்பதை எடுத்துவிட்டு, முன்னிறக்கையை அடியிலிருந்து நுனிவரை அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனியாக. நடுப்புள்ளி இந்தப் பேரினத்தில் பலவற்றுக்கு உண்டு. உங்கள் பூச்சியில் அது நீள்வட்டமா, வட்டமா, தெரிந்த இனத்தில் எப்படி என்று சேர்த்து எழுதினால்தான் பயன். இரண்டிலும் ஒன்றே என்றால் அதை வேறுபாட்டுப் பத்தியிலிருந்து எடுத்து, பொது விவரிப்பில் வையுங்கள்.

“வால்வா அகலமானது” என்பதில் அர்த்தமே இல்லை. நீளத்துக்கும் அதிகபட்ச அகலத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொடுங்கள். கவர்க்கண்ணாடியின் அழுத்தத்தால் வால்வா விரிந்து அகலமாகத் தெரியும் என்பதையும் மறக்காதீர்கள். நிரந்தர ஸ்லைடு போடுவதற்கு முன் கிளிசரினில் மிதக்கவிட்டு, பக்கவாட்டிலும் பின்புறமாகவும் திருப்பிப் பார்த்துப் படம் எடுப்பது இதற்காகத்தான். சிலர் ஸ்லைடே வேண்டாம், சின்னக் குப்பியில் கிளிசரினோடு வைத்தால் போதும் என்பார்கள். வடிவம் கெடாது என்பது உண்மை. ஆனால் வெசிக்கா முட்களை வேறொருவர் ஒப்பிட வேண்டும் என்றால் தட்டையாகப் பதிந்த ஸ்லைடு வேண்டும். இந்தப் பேரினத்துக்கு நான் ஸ்லைடு பக்கம்தான்.

எட்டாம் தகடு உங்கள் பூச்சியின் ஆதாரமே. அதற்கு ஐந்து வார்த்தை கொடுத்திருக்கிறீர்கள்! இப்படி எழுதிப் பாருங்கள்: “எட்டாம் கண்டத்து அடித்தகடு அடியில் அகன்று, நடுவிலிருந்து சீராகக் குறுகி, பிளவுபடாத ஒற்றைக் கூர்முனையில் முடிகிறது; நெருங்கிய இனத்தில் நுனி ஆழமான பிளவால் இரண்டு முனைகளாகப் பிரிந்திருக்கிறது.” இரண்டையும் ஒரே அளவுகோலில், ஒரே பக்கத்தில், அடுத்தடுத்துப் படமாக வையுங்கள். ஒப்பீட்டு இனத்தின் படத்தைப் பழைய நூலிலிருந்து எடுக்காமல், நீங்களே பிரித்த பூச்சியிலிருந்து எடுங்கள். அதுவும் இறக்கையை மட்டும் பார்த்துப் பெயர் வைத்த பூச்சியாக இருக்கக் கூடாது.

முட்களை எண்ணுங்கள். ஆணுக்கு ஆண் எண்ணிக்கை மாறுகிறதா என்று பாருங்கள், மாறினால் இத்தனை முதல் இத்தனை வரை என்று எழுதுங்கள். ஒரே மாதிரியை வைத்து விவரித்தால் இந்த எல்லை தெரியாது. உங்களிடம் சில ஆண்கள் இருப்பது பெரிய பலம்.

தலையை விட்டுவிட்டீர்கள். கீழுதட்டு உணர்விரல் கண்ணின் விட்டத்தைப் போல எத்தனை மடங்கு முன்னால் நீள்கிறது, ஆணின் உணர்கொம்பில் மயிர்நுனிகள் எவ்வளவு நீளம், முன்னங்காலிலிருந்து பின்னங்கால் வரை முட்களின் அமைப்பு என்ன, இதெல்லாம் ஒரு வரியில் வந்துவிடும். இறக்கை நரம்புகளுக்கு அதிக இடம் தேவையில்லை, பேரினத்தை உறுதிசெய்யும் அளவுக்கு இருந்தால் சரி.

அமாவாசை

ஒவ்வொரு சொல்லையும் இப்படித் துருவிக் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னொரு சந்தேகம். வேறுபாடு இருக்கிறது, சரி. அது தனி இனமா, துணையினமா என்று யார் முடிவு செய்வது?

பெயர்ச்சொல்

எழுதுகிறவர் காரணம் காட்டி முடிவு செய்கிறார், பின்னால் வருகிறவர்கள் அதைச் சோதிக்கிறார்கள். மடகாஸ்கரின் நீள்குழல் பருந்து அந்துப்பூச்சியைப் பாருங்கள். அங்கே ஓர் ஆர்க்கிட் பூவின் தேன்குழல் அவ்வளவு நீளமாக இருப்பதைப் பார்த்து, அதற்கேற்ற உறிஞ்சுகுழலோடு ஒரு பூச்சி இருந்தே தீரும் என்று டார்வின் 1862இல் எழுதினார். 1903இல் ரோத்ஸ்சைல்டும் ஜோர்டனும் அந்தப் பூச்சியை ஆப்பிரிக்க நிலப்பரப்பு இனத்தின் துணையினமாக விவரித்து, ப்ரெடிக்டா என்று பெயர் வைத்தார்கள். உடற்கூறையும் டி.என்.ஏவையும் சேர்த்து ஆராய்ந்த பிறகு 2021இல் அது தனி இனமாக உயர்த்தப்பட்டது. 1903இல் உறுப்புகளைத் தெளிவாக எழுதி, மாதிரிகளைப் பத்திரமாக வைத்ததால்தான் பின்னால் வந்தவர்களால் ஒப்பிட முடிந்தது.

திரைவெளிச்சம்

அருங்காட்சியகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. பழைய டைப் பெண்ணின் வயிறு ஒட்டியது இல்லை, அதற்குப் பிறப்புறுப்பு ஸ்லைடும் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறார்கள். அதனால் என்னிடம் உள்ள ஒற்றைப் பெண்ணைப் பிரித்தே ஆக வேண்டியதாயிற்று. நான்கெழுத்து சொன்னபடி முதலில் அதன் ஒரு காலையும், ஆண்களின் காலையும் அனுப்பினேன். பார்கோடு ஒன்றாகவே வந்தது.

பெண்ணின் கார்ப்பஸ் பர்சே, அதாவது ஆணின் விந்தை ஏற்கும் பை, உருண்டையாக இருக்கிறது. உட்சுவரில் முட்கள் பாதிக்கு மேல் பரவி, குழாய் சேரும் கழுத்துவரை வருகின்றன. பழைய டைப்பின் பையில் முட்கள் ஒரு பக்கத்தில் திட்டாக மட்டும் இருக்கின்றன, கழுத்து வெறுமையாக இருக்கிறது. தெரிந்த இனத்தின் பெண்ணிலும் அதே திட்டுதான். ஆக அந்தப் பழைய பெயர் தெரிந்த இனத்துக்கே மாற்றுப்பெயர், என் பூச்சிக்கு உரியது இல்லை என்று படுகிறது. சரியா?

ஊசிமுனை

படங்களைப் பார்த்தேன். சரிதான். பழைய டைப்பின் படத்தையும் கட்டுரையில் போட அனுமதி கேளுங்கள், அந்தப் பெயரை ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று ஒரு தனிப் பத்தி எழுதுங்கள். அந்தப் பத்தி இல்லாமல் வரும் கட்டுரையை நான் மதிப்பீடு செய்தால் திருப்பித்தான் அனுப்புவேன். பெண் ஒன்று மட்டும் என்பதால் முட்களின் பரவலில் எவ்வளவு மாறுபாடு வரும் என்று சொல்ல இயலாது, அதை அப்படியே எழுதிவிடுங்கள்.

நான்கெழுத்து

டி.என்.ஏ வரிசைகளைப் பொதுத் தளத்தில் ஏற்றும்போது, ஸ்லைடு எண்ணையும் மாதிரி எண்ணையும் அதே பதிவில் இணைத்துவிடுங்கள். காலும் வயிறும் உடம்பும் மூன்று இடத்தில் இருக்கும், மூன்றையும் சேர்க்கிற கயிறு அந்த எண்தான்.

பெயர்ச்சொல்

ஹோலோடைப்பாக எந்த ஆணை எடுக்கப் போகிறீர்கள்? இறக்கை கெடாததும், எட்டாம் தகடு ஸ்லைடில் சாய்வில்லாமல் பதிந்ததும் ஒரே ஆணாக இருந்தால் அதையே எடுங்கள். சிவப்புச் சீட்டு போடுங்கள், ஸ்லைடிலும் அதே குறிப்பு இருக்கட்டும். மற்ற ஆண்களும் பெண்ணும் பாராடைப், அதாவது துணை மாதிரிகள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு பொதுச் சேகரிப்புகளில் பிரித்துக் கொடுங்கள், ஹோலோடைப் மட்டும் வீட்டுப் பெட்டியில் இருக்கவே கூடாது.

திரைவெளிச்சம்

அந்த இரண்டும் பொருந்துகிற ஆண் ஒன்று இருக்கிறது, அதையே எடுக்கிறேன். ஒப்படைப்புக்குச் சேகரிப்பு ஒன்று ஒப்புக்கொண்டுவிட்டது, மற்றதன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். ஊசிமுனை, திருத்திய வேறுபாட்டுப் பத்தியை அளவுகளோடு தனிமடலில் அனுப்பியிருக்கிறேன், வால்வா விகிதத்தை மட்டும் இன்னொரு முறை சரிபாருங்கள். கிளிசரினில் எடுத்த படத்திலிருந்து அளந்தது, ஸ்லைடிலிருந்து அளந்ததைத் தனியாகக் கொடுத்திருக்கிறேன்.